எலும்பை மட்டும்தான் எடுத்தேன்

நான் ஒரு நாய்க்குட்டியைக் கொன்றவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அடுக்கப்போகும் சமாதானங்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். விஷம் வைக்கவில்லை. கல்லால் அடிக்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்று வேளை, நேரம் தவறாமல், தராசில் நிறுத்துச் சாப்பாடு போட்டேன். அந்தச் சாப்பாட்டில்தான் அது செத்தது.

அந்த வருஷம் என் மகளுக்கு ஒன்றரை வயது தாண்டியிருந்தது. நிற்க மாட்டாள். உட்கார வைத்தால் வைத்த இடத்திலேயே இருப்பாள். அழுகைகூட அதிகம் வராது. நாங்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா, "இந்த மாதிரி தொந்தரவு இல்லாத புள்ளய நான் பாத்ததில்ல" என்று மெச்சுவார். தொந்தரவு செய்வதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும் அல்லவா.

மாதம் ஒருமுறை மிட்வைஃப் மிஸ் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து குழந்தைகளை நிறுப்பார். கூரைக் கம்பில் தராசைக் கொக்கி போட்டு மாட்டி, ஒரு துணிக் காற்சட்டையில் குழந்தையை இறக்கித் தொங்கவிடுவார். பிறகு அட்டையில் ஒரு புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுத்துச் சேர்ப்பார். மற்றப் பிள்ளைகளின் கோடு மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்தாவது மேலே போனது. என் மகளின் கோடு படுத்தே கிடந்தது. அட்டையில் இருந்த செம்மஞ்சள் பட்டையைத் தாண்டிச் சிவப்பில் இறங்குவதற்கு ஒரு நகக்கண் அளவுதான் பாக்கி.

"மூணு கிளினிக் பாப்பேன் தங்கச்சி," என்றார் மிஸ். "அதுக்குள்ள கோடு ஏறலன்னா பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருவேன். வார்ட்ல போட்டாங்கன்னா எப்ப விடுவாங்கன்னு சொல்ல ஏலாது. முட்டை குடுங்க, மீன் குடுங்க, பருப்பக் கட்டியா மசிச்சுக் குடுங்க."

அவர் சொன்ன பட்டியலில் எங்கள் வீட்டில் இருந்தது பருப்பு மட்டும். அதுவும் கட்டியாக இல்லை. கோதுமை மாவையே கடை கடையாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்த வருஷம் அது. காலையில் ரொட்டியும் பால் இல்லாத சாயத்தண்ணியும், இரவில் சோறும் பருப்புத் தண்ணியும். மலையில் கொழுந்து எடுத்தவரை நானும் ரொட்டியோடு ஒரு கடி சம்பல் வைத்துக்கொண்டு ஓட்டியவள்தான். மழையில் வழுக்கி விழுந்து என் முழங்கால் சில்லு நகர்ந்த பிறகு கூடையோடு சரிவில் ஏற முடியவில்லை; கார்ப்பாதையில் மெதுவாக நடக்கத்தான் முடிந்தது. நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தோட்டத்து உச்சியில் இருக்கும் துரை பங்களாவில், சமையலறை வேலைக்கு என்னை மாற்றிவிட்டார்கள். அந்த வேலையும் போனால் எனக்கு வேறு வேலை இல்லை.

தோட்டத்தை நடத்தும் துரையும் அவர் மனைவி துரைசாணியும் சிங்களவர்கள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லிவிட்டால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும், ஆனால் பொய். துரைசாணி கொழும்பில் வளர்ந்தவர். துரை காலையில் மலையில் நடக்கும் வேலையைப் பார்க்கப் போனால் மத்தியானம்தான் வருவார். அதுவரை அந்தப் பெரிய வீட்டில் மழையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். பிள்ளை இல்லை. ஒரு நாள் வாகனத்தில் இருந்து துவாயில் சுற்றி அந்தக் குட்டியை இறக்கினார். அல்சேசன் குட்டி. பிறந்து ஏழு வாரம். பாதம் மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தது. அதற்கு ஏதோ வெளிநாட்டுப் பெயர் வைத்தார்கள். என் வாயில் அது நுழையவில்லை. நான் குட்டி என்றேன், அதுவும் வந்தது.

மறுநாள் துரைசாணி ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினார். ஃபோனில் பார்த்துப் பார்த்து எழுதியது. குட்டிக்குச் சோறு கூடாது, ரொட்டி கூடாது, பிஸ்கட் கூடாது, அடுப்பில் வைத்த எதுவும் கூடாது. எல்லாம் பச்சை. பச்சை மாட்டிறைச்சி இவ்வளவு, பச்சை ஈரல் இவ்வளவு, கோழிக் கழுத்தும் முதுகும் எலும்போடு இவ்வளவு, துருவிய கரட் கொஞ்சம், இரண்டு நாளுக்கு ஒரு பச்சை முட்டை. வயது ஏற ஏற அளவும் ஏறும். வாரத்துக்கு ஒருமுறை ஹட்டனில் இருந்து இறைச்சி வரும். அதை வெட்டி, நிறுத்து, வேளைக்கு ஒரு பையாகக் கட்டி ஃப்ரீசரில் வைப்பது என் வேலை.

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. நான் பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். எலும்பு என்ற வரியை என்னால் வாசிக்க முடிந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று எங்கேயும் சொல்ல மாட்டேன்.

எனக்கு முன்னால் அந்தச் சமையலறையில் இருந்தவர் இறைச்சியில் கை வைத்து வேலையை இழந்தவர். துரைசாணி அதை முதல் நாளே சொல்லிவைத்திருந்தார். குட்டிக்கு நிறுக்கும் சின்னத் தராசை மேசையில் வைத்தபோது அது குட்டிக்கு மட்டும் வைத்த தராசு இல்லை என்று எனக்கும் விளங்கியது. எனக்கு ரோஷம் வந்தது. மலையிலும் தராசுதான் என்னை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கொழுந்தில் கழித்துக்கொண்டே இருப்பார்கள். இங்கே அப்படி ஒரு சொல்லுக்கு இடம் வைக்கக் கூடாது, இறைச்சியில் ஒரு துண்டும் தொடக் கூடாது என்று மாரியம்மனை நினைத்துச் சத்தியம் செய்துகொண்டேன். அந்தச் சத்தியத்தைக் கடைசிவரை காப்பாற்றினேன். அதுதான் இந்தக் கதையில் பெரிய கேவலம்.

எலும்பு இறைச்சி இல்லை. அப்படித்தான் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோரும் நினைப்போம். திருவிழாவுக்குத் தோட்டத்தில் ஆடு வெட்டி வாழை இலையில் கூறு போடும்போது, நடக்காத பிள்ளை இருக்கும் வீட்டுக்குக் கால் எலும்பைத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள். யாரும் அதைப் பங்காகக் கணக்கில் எடுப்பதில்லை. எலும்பை உடைத்து மிளகும் சீரகமும் போட்டுச் சூப்பாகக் காய்ச்சி ஊற்றிக் கொடுத்தால் பிள்ளையின் காலில் பலம் ஏறும் என்பார்கள். பெரியவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், ஆசிரியர்கள், கோயில் பூசாரி, எல்லோரும் சொல்வதுதான். நானும் அப்படி எழுந்து நின்றவள் என்று என் அம்மா சொல்லியிருக்கிறார். பங்களாவிலும் ஒரு சட்டம் இருந்தது: குப்பை வாளிக்குப் போவதை வேலைக்காரி எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான் செய்தது திருட்டே இல்லை. கோழிக் கழுத்தை எடுத்து, சின்னக் கத்தியால் சதையைச் சுரண்டிக் குட்டிக்கு வைத்தேன். கொழுந்து கிள்ளிய விரல். சதை ஒரு இழைகூட எலும்பில் மிஞ்சவில்லை. முதுகையும் அப்படியே உரித்தேன். எலும்பின் எடைக்குப் பங்களாத் தோட்டத்துக் கரட்டைத் துருவிப் போட்டேன். தராசு சரியாகக் காட்டியது. எலும்புகளை ஒரு பையில் கட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

குட்டிக்கு நல்லதுதானே செய்கிறேன் என்றுகூட நினைத்தேன். பால் பல் விழாத ஒரு பிஞ்சுக்குப் பச்சை எலும்பை வைப்பதாவது. தொண்டையில் குத்தினால்? எங்கள் லயத்து நாய்கள் மீன் கழுவிய தண்ணீரில் பிசைந்த சோற்றைத் தின்று, பத்து வருஷம் குரைத்துவிட்டுச் சாகின்றன. இந்த நாய்க்கு வந்த வாழ்வைப் பாருங்கள், எலும்பு நீக்கிய வெறும் சதை வேளாவேளைக்கு. நல்லதை அதற்குக் கொடுத்துவிட்டுக் கழிவை நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்றுதான் கணக்குப் போட்டேன்.

முதல் நாள் சூப்பு வைத்தபோது என் கணவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "எங்க எடுத்த?"

"நாய்க்கு வந்த கோழியிலங்க. எலும்பு மட்டுந்தான்."

"எலும்புதானே," என்று மூடியை வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கு அவ்வளவும் எறச்சியா?" என்றார். நான் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினேன்.

மகள் குடித்தாள். கரண்டியை எடுக்க விடாமல் குடித்தாள். அந்த வாசனைக்கே அவளுக்கு முகம் மலர்ந்தது. தினமும் கொடுத்தேன். முதல் கிளினிக்கில் கோடு ஏறவில்லை, இறங்கவும் இல்லை. அது போதாது என்றார் மிஸ். ஆனால் அதற்கு அடுத்த வாரம், நான் அடுப்படியில் இருந்து திரும்பிப் பார்க்கிறேன், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என் பிள்ளை நிற்கிறாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் பக்கத்துக் காம்பராக்காரர் வந்து, "என்ன குடுத்த?" என்று கேட்டார். "சூப்பு" என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்த மருந்து மாதிரி.

அந்த வாரத்தில்தான் குட்டி படி இறங்க யோசிக்க ஆரம்பித்தது.

பங்களாச் சமையலறைப் பின்வாசலில் மூன்று கருங்கல் படி. மத்தியானம் நான் மகளைப் பார்த்துவிட்டு வர இறங்கும்போதெல்லாம் குட்டி என்னோடு கீழே வரை உருண்டு வரும். சாப்பாடு போடும் கையை எந்த நாயும் விடாது. துரைசாணி வாங்கிக் கொடுத்த ரப்பர் பந்தை விட்டுவிட்டு என் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்கும். இப்போது முதல் படியில் முன்கால் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. பிறகு மேலேயே உட்கார்ந்து நான் திரும்பி வரும்வரை காத்திருக்கப் பழகிக்கொண்டது.

அதன் முன்கால்கள் வெளிப்பக்கம் வளைந்தன. பாதம் தட்டையாக அமுங்கிக் கரடிக் கால் மாதிரி ஆனது. உடம்பு மட்டும் நன்றாக வளர்ந்தது. மினுமினுவென்று ரோமம், உருண்ட கன்னம். பார்க்கிறவர்கள் கொழு கொழுவென்று வளர்த்திருக்கிறாய் என்று என்னைத்தான் சொன்னார்கள். வேகமாக வளர்கிற சாதி, கால் பிறகு நேராகும் என்றார் துரை. நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. இரண்டாவது கிளினிக்கிலும் என் மகளின் கோடு அப்படியே கிடந்தது.

ஒரு காலை, சாப்பாட்டுத் தட்டை வைத்தேன். குட்டி எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே வாலை ஆட்டியது. தூக்கி நிறுத்தப் பார்த்தேன். என் கை பட்ட இடத்தில் ஒரு சத்தம் போட்டது பாருங்கள், துரைசாணி குளியலறையில் இருந்து ஓடி வந்தார். அது நாய் போடும் சத்தம் மாதிரியே இல்லை.

அன்று மத்தியானம் டவுனில் இருந்து மிருக வைத்தியர் வந்தார். வயதானவர், நிதானமானவர். வரவேற்பறைக் கம்பளத்தில் மண்டியிட்டுக் கால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். நான் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றேன். அவர்கள் பேசியது சிங்களத்தில். என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். துரைசாணி ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த தாளைக் கழற்றிக்கொண்டு வந்தார். வைத்தியர் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, விரலை ஒரு வரியில் வைத்தார்.

"எலும்பு கொடுக்கிறீர்களா? இது முக்கியம். வெறும் இறைச்சி மட்டும் தின்றால் வளர்கிற குட்டிக்கு இப்படித்தான் ஆகும். எலும்பில் உள்ள சத்தை உடம்பே கரைத்து எடுத்துக்கொள்ளும்."

"தினமும் கொடுக்கிறோம்," என்றார் துரைசாணி. என் பக்கம் திரும்பி, "கொடுக்கிறாய் அல்லவா?" என்று கேட்டார்.

அவர் சந்தேகத்தில் கேட்கவில்லை. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அந்த வீட்டில் என் சொல்லை யாராவது சாட்சியாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. குட்டி கம்பளத்தில் கிடந்தபடி என்னைப் பார்த்து வாலைத் தட்டியது. என் மனதில் அப்போது ஓடியதை அப்படியே சொல்கிறேன்: இந்த வேலை, என் முழங்கால், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என் பிள்ளை, ஃப்ரீசரில் இருக்கும் அடுத்த வாரக் கழுத்து. குட்டி அந்த வரிசையில் வரவே இல்லை.

"ஒவ் நோனா," என்றேன். ஆமாம் அம்மா என்பதற்குச் சிங்களத்தில் அந்த இரண்டு சொல் போதும்.

வைத்தியர் தலையை ஆட்டிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அப்படியானால் சாப்பாட்டுக் குறை இல்லை, பிறவிக் கோளாறாக இருக்கலாம், கண்டிப் பக்கம் கொண்டுபோய் எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றார். வலிக்கு ஊசி போட்டார். ஓடவிடாதீர்கள், குதிக்கவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, நான் கொண்டுபோன தேநீரை முழுவதும் குடித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "இனி வாயத் தொறந்தேன்னா வேல போயிரும் புள்ள," என்றார். "பேசாம எலும்ப அதுக்கே போட்டுரு."

மறுநாள் கண்டிக்குப் போவதாக இருந்தது. அன்று இரவு பெய்த மழையில் மண் சரிந்து பாதை மூடிக்கொண்டது. இரண்டு நாளில் திறப்பார்கள் என்றார்கள்; நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் நான் தும்பை விட்டு வாலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கழுத்தெலும்பை அம்மியில் வைத்து நைத்தேன். பொடியாக அரைத்து இறைச்சியில் பிசைந்து, குட்டி எழுந்திருக்காததால் கையாலேயே ஊட்டினேன். தாளில் சொன்ன அளவு இல்லை, இரண்டு மடங்கு வைத்தேன். ஆசையாகத் தின்றது. வெள்ளைப் பொடி ஒட்டிய என் விரலை இடுக்கு இடுக்காக நக்கியது. துரைசாணி கதவருகே நின்று பார்த்துவிட்டு, "பெற்ற பிள்ளை மாதிரி பார்க்கிறாய்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பெல்லாம் சின்னச் சொல். பின்பக்கம் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

அந்த நான்கு நாளும் மகளுக்குச் சூப்பு இல்லை. அவள் சட்டியைக் காட்டிக் காட்டி அழுதாள். தொந்தரவு செய்யும் அளவுக்குத் தேறிவிட்டாள் என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

நான்காம் நாள் குட்டி தானாக எழுந்து நின்றது. ஊசியின் வேலையாக இருக்கும். நான் என் எலும்புப் பொடியின் வேலை என்று நினைத்தேன். துரைசாணி பழையபடி துள்ளுகிறது என்று துரைக்கு ஃபோன் எடுத்துச் சொன்னார். மத்தியானம் நான் வழக்கம்போல வீட்டுக்கு இறங்கினேன். பின்கதவைச் சாத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது படிக்கு வராமல் மேலேயே இருந்து பழகிய குட்டி அல்லவா. கொஞ்ச தூரம் போயிருப்பேன். குட்டி என்னைப் பார்த்திருக்கிறது. காலில் வலி இல்லாத சந்தோஷத்தில் மூன்று படியையும் ஒரே தாவாகத் தாவியிருக்கிறது.

சத்தம் கேட்டுத் திரும்பி ஓடினேன், இந்த முழங்காலோடு. கடைசிப் படிக்குக் கீழே கிடந்தது. முன் பாதி என்னை நோக்கி வரப் பார்த்தது. இடுப்புக்குப் பின்னால் இருந்த பாதி கூட வரவில்லை. அதையும் இழுத்துக்கொண்டு இரண்டு முழம் வந்தது. நான் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வாலைத் தவிர மற்ற எல்லாவற்றாலும் சந்தோஷம் காட்டியது. என் கையை மோந்து பார்த்து, விரல் இடுக்கில் பொடி இருக்கிறதா என்று தேடியது.

வைத்தியர் அன்று சாயந்திரமே வந்தார். முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து கையைக் கட்டிக்கொண்டார். "இது எழும்பாது," என்றார். "எலும்பு கடதாசி மாதிரி இருக்கிறது. பிறவிக் கோளாறுதான்." துரைசாணி பார்க்க முடியாது என்று உள்ளே போய்விட்டார். துரை தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். என்னைத்தான். கையை நக்கிக்கொண்டே இருந்தது. ஊசி போட்ட பிறகும் கொஞ்ச நேரம் நாக்கு அசைந்தது. பிறகு அசையவில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இனி சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று ஒரு நியாயம் உடனே கிடைத்தது. எனக்கு நியாயங்களுக்கு எப்போதுமே பஞ்சம் வந்ததில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம், தேயிலைச் செடிகள் தொடங்கும் இடத்தில் புதைத்தார்கள். மறுநாள் காலை நான் வேலைக்குப் போனபோது துரைசாணி ஃப்ரீசரைத் திறந்துவைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேளைக்கு ஒன்றாக என் கையால் கட்டிய பைகள், அந்த வாரம் புதிதாக வந்தவை, அடுத்த வாரத்துக்கென்று சேர்த்து வாங்கியவை, எல்லாம் வரிசையாக இருந்தன.

"எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ," என்றார். "என்னால் பார்க்க முடியவில்லை. உன் பிள்ளைக்குக் கொடு. நீ எவ்வளவு பார்த்தாய் அதை."

சாக்கில் கட்டிச் சுமந்துகொண்டு இறங்கினேன். இந்த முறை முந்தானைக்குள் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. பாதிக்கு மேல் மாட்டிறைச்சி. எங்கள் வீட்டு அடுப்பில் அது ஏறியதில்லை. மாரியம்மன் கோயிலில் காவடி எடுக்கிற வீடு. கணவர் சாக்கைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "ஆக்கு" என்று மட்டும் சொன்னார். பக்கத்துக் காம்பராக்காரரின் ஃப்ரிட்ஜில் வைத்துத் தினமும் ஒரு பையாக எடுத்து வந்து, நன்றாக வேகவைத்து, அதே அம்மியில் மசித்துச் சோற்றில் பிசைந்து ஊட்டினேன். ஈரலைத் தனியாகப் பொரித்துக் கொடுத்தேன். முன்பே கட்டிவைத்த ஒவ்வொரு பையிலும் கரட் துருவல் கிடந்தது, நான் போட்ட கரட். நான் ஒரு துண்டும் தின்னவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எனக்கு இறங்கவில்லை, அவ்வளவுதான். மகள் தட்டை வழித்துத் தின்றாள்.

மூன்றாவது கிளினிக் வந்தது. தராசில் அவளைத் தொங்கவிட்டதும் காலை உதைத்தாள். மிஸ் முள் நிற்கட்டும் என்று அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றிப் பார்த்தார். பிறகு அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். கோடு எழுந்து நின்றது.

"ஏறிருச்சு தங்கச்சி," என்றார். "நல்லாவே ஏறிருச்சு. ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டியதில்ல. இந்த மாசம் என்ன குடுத்தீங்க?"

"எறச்சிங்க மிஸ்."

"அதுக்கு முன்னாடி?"

"எலும்பு சூப்பு. தெனமும் குடுத்தேன். அதுலதான் நிக்க ஆரம்பிச்சா."

அவர் சிரித்தார். ஏளனமாக இல்லை, அன்பாகத்தான். "நிக்கிற காலம் வந்தா நிக்கும். சூப்புல என்னா இருக்கு? வாசம்தான். எலும்புச் சத்து தண்ணிக்கு வராது தங்கச்சி, எலும்புலயேதான் இருக்கும். அத அப்படியே கடிச்சுத் திங்க நாயாலதான் ஏலும். நம்ம புள்ளைக்கு எறச்சிதான் வேணும்."

நான் மகளுக்குக் காற்சட்டையை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் தினமும் அந்தத் தாளின் முன்னால் நின்று, எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு விட வேண்டியதை எடுத்திருக்கிறேன். என் சத்தியத்தைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டு, வேளைக்கு ஒரு பிடி இறைச்சியை மட்டும் திருடியிருந்தால் போதும். குட்டி எலும்பைக் கடித்துக்கொண்டு படியில் ஏறி இறங்கியிருக்கும். என் பிள்ளையின் கோடும் முதல் மாதமே ஏறியிருக்கும். நான் திருடியாக இருந்திருந்தால் இரண்டுமே தேறியிருக்கும். நல்லவளாக இருக்கப் பார்த்தேன்.

மிஸ் அட்டையை மடித்து என் கையில் கொடுத்தார்.

"இதையே விடாமக் குடுங்க," என்றார்.

கடைசிப் பை முந்தின நாள்தான் முடிந்திருந்தது. "சரிங்க மிஸ்" என்றேன்.